கன அளவு காண்பது எப்படி: பெட்டி முதல் ஒழுங்கற்ற கல் வரை, படிப்படியாக

ஒரு தொட்டியின் நீளம் 1.2 மீட்டர், அகலம் 80 செ.மீ., உயரம் 50 செ.மீ. எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் பலர் உடனே 1.2 × 80 × 50 = 4800 என்று எழுதிவிடுவார்கள். பெருக்கல் சரி, சூத்திரமும் சரி. "சரி, 4800 என்ன?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அது லிட்டரும் இல்லை, கன செ.மீ.யும் இல்லை, கன மீட்டரும் இல்லை.

இந்தக் கணக்கைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், சூத்திரம் மறந்து தவறுபவர்கள் குறைவு. சூத்திரத்துக்குள் எந்த அளவைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். விட்டத்தை ஆரமாக எடுப்பார்கள். சாயுயரத்தை, அதாவது சரிந்த பக்கத்தின் நீளத்தை, உயரமாக எடுப்பார்கள். தரையில் கிடக்கும் முகத்தையே அடிப்பக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தச் சறுக்கல்களை மனதில் வைத்து அமைத்தது. குறைந்தது முதல் பத்துக் கணக்குகளுக்காவது இந்த வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பரப்பளவு. செவ்வகம், முக்கோணம், சரிவகம், வட்டம் ஆகிய நான்கின் பரப்பும் தடுமாறாமல் வர வேண்டும். முக்கோணத்துக்கு ½ × அடி × உயரம். சரிவகத்துக்கு ½ × இணைபக்கங்களின் கூடுதல் × அவற்றின் இடைத்தூரம். வட்டத்துக்கு பை (π) × ஆரம்². கன அளவுக் கணக்கில் பாதி வேலை பரப்பளவுதான். இதில் தடுமாற்றம் இருந்தால் ஒருநாள் செலவழித்து அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

அடுத்தது பித்தாகரஸ் தேற்றம்: செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். கூம்பும் பிரமிடும் வரும்போது இது இல்லாமல் நகர முடியாது.

பை மதிப்புக்கு 3.1416 போதும். 22/7 உண்மையான மதிப்பைவிடச் சுமார் 0.04 சதவீதம்தான் கூடுதல். ஆரமோ விட்டமோ 7ஆல் வகுபட்டால் கைக்கணக்குக்கு அதுவே வசதி. ஆனால் ஒரே கணக்கில் ஓரிடத்தில் 22/7, இன்னோரிடத்தில் 3.14 என்று கலக்காதீர்கள். கழித்தல் வரும் இடங்களில் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

2. படம் வரைந்து அளவுகளைக் குறியுங்கள்

அழகான படம் தேவையில்லை. ஒரு நிமிடத்தில் கிறுக்கியது போதும். ஆனால் ஒவ்வொரு அளவையும் அது எந்தக் கோட்டுக்கு உரியதோ அந்தக் கோட்டின்மேலேயே எழுதுங்கள். "விட்டம் 14" என்று கணக்கில் இருந்தால், வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கோடு போட்டு 14 என்று எழுதும்போதே அதன் பாதிதான் ஆரம் என்பது கண்ணில் படும். படம் போடாமல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், மூன்றாவது வரியில் 14 எதன் அளவு என்பதே மறந்துபோகும்.

படம் போடும்போதே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியது உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்பதா, பொருளே எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதா? கொள்ளளவு என்றால் உள்ளளவு வேண்டும். அடைக்கும் இடம் என்றால் வெளியளவு வேண்டும். வெளியே 50 × 40 × 30 செ.மீ. இருக்கும் ஒரு மரப்பெட்டி 60,000 கன செ.மீ. இடத்தை அடைக்கும். பலகையின் தடிமன் 2 செ.மீ., மேலே மூடியும் உண்டு என்றால் உள்ளளவு 46 × 36 × 26, அதாவது 43,056 கன செ.மீ. தடிமன் இரண்டு பக்கமும் இருப்பதால் 2 செ.மீ.யை இருமுறை கழிக்கிறோம். மூடி இல்லாவிட்டால் உயரத்தில் மட்டும் ஒருமுறை கழித்தால் போதும்: 46 × 36 × 28 = 46,368. புதியவர்கள் இங்கே 48 × 38 × 28 என்று எழுதிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

3. எல்லா அளவுகளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

பெருக்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் எளிது. நீளத்தை மாற்றுவது ஒருமுறை 100ஆல் பெருக்குவது அல்லது வகுப்பது. கன அளவை மாற்றினால் அதையே மூன்று முறை செய்ய வேண்டும். 1 மீட்டர் 100 செ.மீ. என்பதால் 1 கன மீட்டரும் 100 கன செ.மீ. என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது 100 × 100 × 100 = 10,00,000 கன செ.மீ. அதேபோல ஒரு கன அடியில் 12 அல்ல, 1728 கன அங்குலங்கள் உள்ளன.

லிட்டரோடு இணைக்க மூன்று உறவுகள் போதும்: 1 கன செ.மீ. = 1 மில்லிலிட்டர்; 1000 கன செ.மீ. = 1 லிட்டர்; 1 கன மீட்டர் = 1000 லிட்டர். அடியில் அளப்பவர்களுக்கு ஒரு கன அடி சுமார் 28.32 லிட்டர்.

மேலே பார்த்த தொட்டிக்குத் திரும்புவோம். 120 × 80 × 50 = 4,80,000 கன செ.மீ., அதாவது 480 லிட்டர். நான் கையாளும் ஒரு குறுக்குவழியும் உண்டு. விடை லிட்டரில் வேண்டுமென்றால் ஒவ்வோர் அளவையும் 10 செ.மீ. எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள்: 12 × 8 × 5 = 480. நேராக லிட்டர் வந்துவிடும், ஏனென்றால் பக்கம் 10 செ.மீ. உள்ள கனச்சதுரம்தான் ஒரு லிட்டர்.

4. அடிப்பக்கம் எது என்று தீர்மானியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஓர் உருவத்தை ரொட்டி வெட்டுவதுபோல இணையாக வெட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று வையுங்கள். எங்கே வெட்டினாலும் ஒரே வடிவம், ஒரே அளவு வந்தால், அந்த வெட்டுமுகம்தான் அடிப்பக்கம். வெட்டிக்கொண்டு போகும் திசையில் உள்ள நீளம்தான் உயரம். கன அளவு = அடிப்பரப்பு × உயரம். கனச்செவ்வகம், கனச்சதுரம், பட்டகம் (இரு முனைகளிலும் ஒரே பலகோண முகம் உள்ள உருவம்), உருளை எல்லாம் இதற்குள் அடங்கும். தனித்தனிச் சூத்திரமே தேவையில்லை.

இது ஏன் வேலை செய்கிறது? அடிப்பரப்பு 30 சதுர செ.மீ. என்றால், 1 செ.மீ. தடிமனுள்ள ஓர் அடுக்கில் 30 கன செ.மீ. இருக்கும். 8 செ.மீ. உயரம் என்றால் அப்படி எட்டு அடுக்குகள். கனச்செவ்வகத்தில் நீளம் × அகலம் என்பது ஓர் அடுக்கு, உயரம் என்பது அடுக்குகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

தவறு நடப்பது உருவம் படுத்துக் கிடக்கும்போது. இருபக்கமும் சரிந்த ஒரு கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 2 மீட்டர், நடு உயரம் 1.5 மீட்டர், நீளம் 3 மீட்டர். தரையில் இருப்பது 2 × 3 செவ்வகம். அதையே அடிப்பக்கமாக எடுத்து 2 × 3 × 1.5 = 9 கன மீட்டர் என்று எழுதுவார்கள். ஆனால் தரைக்கு இணையாக வெட்டினால் மேலே போகப் போகச் செவ்வகம் குறுகுகிறது. முன்வாசலுக்கு இணையாக வெட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே முக்கோணம் கிடைக்கும். ஆக, அடிப்பரப்பு ½ × 2 × 1.5 = 1.5 சதுர மீட்டர். இங்கே "உயரம்" என்பது கூடாரத்தின் நீளமான 3 மீட்டர். கன அளவு 4.5 கன மீட்டர், முதலில் வந்த விடையில் சரிபாதி.

உயரம் என்ற சொல் எப்போதும் மேல்நோக்கிய அளவு என்று நினைப்பதை இங்கேயே விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக உள்ள தூரம்தான் உயரம். சாய்ந்து நிற்கும் உருளைக்கும் இதே விதிதான்: சாய்ந்த விளிம்பின் நீளத்தைப் போடக்கூடாது, இரண்டு முகங்களுக்கும் இடைப்பட்ட செங்குத்துத் தூரத்தையே போட வேண்டும். சீட்டுக்கட்டைச் சற்றே சரித்து வைத்தாலும் சீட்டுகள் குறைவதில்லை, உயரமும் மாறுவதில்லை.

5. உருளை: முதலில் ஆரம், அப்புறம் வர்க்கம், அப்புறம்தான் பெருக்கல்

விட்டம் 14 செ.மீ., உயரம் 20 செ.மீ. உள்ள டப்பா. முதல் வரியாக "ஆரம் = 7" என்று எழுதுங்கள். கணக்கில் ஆரமே தரப்பட்டிருந்தாலும் அந்த வரியை எழுதுங்கள், பழக்கம் விட்டுப்போகக் கூடாது. அடுத்து ஆரம்² = 49. அடுத்து 22/7 × 49 = 154 சதுர செ.மீ., இது அடிப்பரப்பு. கடைசியாக 154 × 20 = 3080 கன செ.மீ.

விட்டத்தை அப்படியே வர்க்கப்படுத்தினால் விடை 12,320 வரும். அது இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு. இன்னொரு தவறு, பையையும் ஆரத்தையும் பெருக்கிவிட்டு மொத்தத்தையும் வர்க்கப்படுத்துவது. கால்குலேட்டரில் வேகமாகத் தட்டும்போது இது நடக்கும். ஆரத்தை மட்டும் முதலில் வர்க்கப்படுத்தி எழுதிவைத்தால் இந்தத் தவறுக்கு இடமே இருக்காது.

நிஜப் பொருளை அளப்பதானால் விட்டத்தை நேரடியாக எடுப்பது கடினம், டேப் மையத்தின் வழியாகப் போகிறதா என்று தெரியாது. மையம் தவறினால் அளவு எப்போதும் குறைவாகவே வரும். அதனால் டேப்பின் ஒரு முனையை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையை மெதுவாக நகர்த்துங்கள். கிடைக்கும் மிகப் பெரிய அளவுதான் விட்டம். இதைவிட நம்பகமானது சுற்றளவை அளந்து 2 × பை ஆல் வகுப்பது. சுற்றளவு 88 செ.மீ. என்றால் ஆரம் 14 செ.மீ. ஆனால் இப்படிக் கிடைப்பது வெளி ஆரம். கொள்ளளவு வேண்டுமென்றால் சுவரின் தடிமனைக் கழிக்க வேண்டும்.

6. குழாய்: வர்க்கங்களைக் கழியுங்கள், ஆரங்களைக் கழிக்காதீர்கள்

உள்ளே வெற்றிடமுள்ள உருளையில், பொருள் மட்டும் எவ்வளவு என்று காண வேண்டும். பெரிய உருளையிலிருந்து உள் உருளையைக் கழிக்கிறோம்: பை × (வெளி ஆரம்² − உள் ஆரம்²) × நீளம்.

வெளி விட்டம் 10 செ.மீ., தடிமன் 1 செ.மீ., நீளம் 100 செ.மீ. வெளி ஆரம் 5, உள் ஆரம் 4. வர்க்கங்கள் 25, 16. வித்தியாசம் 9. கன அளவு 3.1416 × 9 × 100 = 2827 கன செ.மீ. 5 − 4 = 1, அதன் வர்க்கம் 1 என்று போட்டால் 314தான் வரும், உண்மையில் ஒன்பதில் ஒரு பங்கு. உள் ஆரம் காணும்போது தடிமனை ஆரத்திலிருந்து ஒருமுறை கழியுங்கள். விட்டத்திலிருந்து கழிப்பதானால் இருமுறை கழிக்க வேண்டும்.

7. கூம்பும் பிரமிடும்: மூன்றில் ஒரு பங்கு, அதுவும் செங்குத்து உயரத்தில்

அடியிலிருந்து ஒரே சீராகக் குறுகி ஒரு புள்ளியில் முடியும் எந்த உருவத்துக்கும் கன அளவு = ⅓ × அடிப்பரப்பு × உயரம். அடி வட்டமா, சதுரமா, முக்கோணமா என்பது பொருட்டல்ல.

ஏன் ⅓? ஒரு கனச்சதுரத்தின் ஏதேனும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மூலையைத் தொடாத முகங்கள் மூன்று. ஒவ்வொரு முகத்தையும் அடியாகவும் அந்த மூலையை உச்சியாகவும் வைத்தால் மூன்று பிரமிடுகள் கிடைக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். மூன்றும் சேர்ந்தால் முழுக் கனச்சதுரம். அட்டையில் மூன்றையும் வெட்டி ஒட்டிச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு ⅓ஐ மறப்பதில்லை. ஒருமுறை செய்து பாருங்கள், அரைமணி நேர வேலைதான்.

இந்தப் பகுதியில் பெரிய பொறி சாயுயரம். கூம்பின் பக்கவாட்டில் விளிம்பிலிருந்து உச்சி வரை உள்ள சரிந்த நீளம் அது. டேப் வைத்து அளக்க எளிதாகக் கிடைப்பதும் அதுதான், சூத்திரத்தில் போடக் கூடாததும் அதுதான். ஆரம் 5, சாயுயரம் 13 என்றால் உயரம்² = 169 − 25 = 144, உயரம் 12. கன அளவு ⅓ × 3.1416 × 25 × 12 = 314.16. இதில் 13ஐப் போட்டவருக்கு 340 வரும். விடை பார்வைக்கு நம்பும்படியாகவே இருக்கும், அதனால்தான் இந்தத் தவறு பிடிபடாமல் போகிறது.

சமதரையில் கொட்டிய ஒரு மணல் குவியலை முழுக்க அளந்து பார்ப்போம். குவியலின் அடியைச் சுற்றி டேப் பிடித்தால் 8.8 மீட்டர். ஒரு விளிம்பிலிருந்து உச்சியின் மேலாக மறு விளிம்பு வரை டேப்பை மணலோடு ஒட்டிப் போட்டால் 3.5 மீட்டர். இந்த இரண்டு அளவுகள் மட்டும் போதும். ஆரம் = 8.8 ÷ (2 × 22/7) = 1.4 மீட்டர். மேலே போட்ட டேப் இரண்டு சாயுயரங்களைச் சேர்த்து அளந்தது, அதனால் சாயுயரம் 1.75. உயரம்² = 3.0625 − 1.96 = 1.1025, உயரம் 1.05 மீட்டர். அடிப்பரப்பு 22/7 × 1.96 = 6.16 சதுர மீட்டர். கன அளவு 6.16 × 1.05 ÷ 3 = 2.156 கன மீட்டர். நிஜக் குவியலின் உச்சி சற்று மழுங்கியிருக்கும், அதனால் இதை 2.15 என்று எடுத்துக்கொண்டாலே போதும். நான்கு தசம இடம் வரை இழுப்பதில் அர்த்தமில்லை.

சதுரப் பிரமிடில் இன்னும் ஒரு சிக்கல். அங்கே சரிந்த நீளங்கள் இரண்டு உண்டு. ஒன்று, முக்கோண முகத்தின் நடுவில் மேலேறும் சாயுயரம். மற்றது, மூலையிலிருந்து உச்சிக்குப் போகும் விளிம்பு. அடிப்பக்கம் 10, சாயுயரம் 13 என்றால், பக்கத்தின் பாதியான 5ஐக் கொண்டு உயரம் 12, கன அளவு 100 × 12 ÷ 3 = 400. ஆனால் தரப்பட்டது மூலை விளிம்பு என்றால் பக்கத்தின் பாதியைப் பயன்படுத்தக் கூடாது, மூலைவிட்டத்தின் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அடியின் மையத்திலிருந்து அந்த விளிம்பு தொடங்கும் மூலைக்கு உள்ள தூரம் அதுதானே.

8. வாளி: இடைக்கண்டம்

கூம்பின் உச்சியை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது இடைக்கண்டம். வாளி, டம்ளர், பூந்தொட்டி எல்லாம் இந்த வடிவம்தான். இதன் கன அளவு: ⅓ × பை × உயரம் × (பெரிய ஆரம்² + பெரிய ஆரம் × சிறிய ஆரம் + சிறிய ஆரம்²).

உள்ளளவில் மேல் விட்டம் 30, கீழ் விட்டம் 20, உயரம் 24 செ.மீ. உள்ள வாளி. ஆரங்கள் 15, 10. அடைப்புக்குள் 225 + 150 + 100 = 475. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு 8. 475 × 8 = 3800. பை ஆல் பெருக்க 11,938 கன செ.மீ., அதாவது 12 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

பலர் நடுவில் உள்ள பெருக்கல் உறுப்பை மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஆரங்களின் சராசரி 12.5ஐ எடுத்து உருளையாகப் போடுகிறார்கள். அப்போது விடை 11,781. வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்தான் என்பதால் "இது போதுமே" என்று தோன்றும். இந்த வாளிக்குப் போதும்தான். ஆனால் அடி சிறுத்து வாய் விரிய விரியத் தவறு வளரும். அடி ஒரு புள்ளியாகவே ஆகிவிட்டால், அதாவது முழுக் கூம்பு என்றால், சராசரி ஆரத்தில் கிடைக்கும் விடை உண்மையைவிட 25 சதவீதம் குறைவு.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வாளியில் 12 செ.மீ. உயரத்துக்கு, சரிபாதி உயரத்துக்கு, தண்ணீர் ஊற்றினால் அது அரை வாளி அல்ல. அந்த உயரத்தில் ஆரம் 12.5. அடைப்புக்குள் 100 + 125 + 156.25 = 381.25, அதை 4ஆல் பெருக்கினால் 1525. முழு வாளியின் 3800இல் இது 40 சதவீதம்தான். வாளியில் அளவுக்கோடு போட விரும்புபவர்கள் உயரத்தைச் சமமாகப் பிரிக்கக் கூடாது.

9. கோளம்: இங்கே கனம், வர்க்கம் அல்ல

கோளத்தின் கன அளவு 4/3 × பை × ஆரம்³. இதில் அடிப்பக்கமும் இல்லை, உயரமும் இல்லை, அதனால் எங்கிருந்து வந்தது என்று குழப்பம் வரும். கோளத்தின் மேற்பரப்பை நுண்ணிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மையத்தோடு இணையுங்கள். ஒவ்வொன்றும் மெல்லிய பிரமிடு, உயரம் ஆரத்துக்குச் சமம். எல்லாவற்றையும் கூட்டினால் ⅓ × மேற்பரப்பு × ஆரம். மேற்பரப்பு 4 × பை × ஆரம்² என்பதால் சூத்திரம் தானாக வந்துவிடுகிறது. 7ஆம் படியில் பார்த்த ⅓தான் இங்கேயும்.

விட்டம் 21 செ.மீ. உள்ள பந்து. ஆரம் 10.5. ஆரம்³ = 1157.625. விடை 4/3 × 22/7 × 1157.625 = 4851 கன செ.மீ. கனம் என்பதை மூன்றால் பெருக்குவது என்று எடுத்து 31.5 எழுதுபவர்கள் உண்டு. 10.5 × 10.5 × 10.5 என்று விரித்து எழுதிவிடுங்கள். அரைக்கோளத்துக்கு விடையைப் பாதியாக்கினால் போதும், தனிச் சூத்திரம் வேண்டாம்.

10. பல உருவங்கள் சேர்ந்திருந்தால்

உருவத்தைத் தெரிந்த துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியே கண்டு, கூட்டுங்கள். ஓட்டையோ பள்ளமோ இருந்தால் கழியுங்கள். ஒட்டியிருக்கும் முகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அது புறப்பரப்புக் கணக்கில்தான் தலைவலி, கன அளவில் இல்லை.

கவனிக்க வேண்டியது பிரிக்கும் இடத்தில் உள்ள நீளங்கள். இரண்டு முனைகளிலும் அரைக்கோளம் உள்ள ஒரு தொட்டி, மொத்த நீளம் 24, விட்டம் 6. இங்கே உருளையின் நீளம் 24 என்று போடுவதுதான் வழக்கமான தவறு. இரண்டு முனைகளும் தலா 3 எடுத்துக்கொள்கின்றன, உருளைக்கு மிஞ்சுவது 18. உருளை 9 × 18 = 162 பை, இரண்டு அரைக்கோளங்கள் சேர்ந்து ஒரு கோளம் 36 பை, மொத்தம் 198 பை, அதாவது 622. பையைக் கடைசி வரை எண்ணாக மாற்றாமல் வைத்திருந்தால் கூட்டல் எவ்வளவு லேசாகிறது பாருங்கள்.

படுத்த உருளைத் தொட்டியில் பாதிக்கும் குறைவாக நீர் இருந்தால் 4ஆம் படிக்கே திரும்புங்கள். தொட்டியின் நீளம்தான் உயரம். நீர் நிற்கும் வட்டத்துண்டுதான் அடிப்பக்கம். நீரின் ஆழம் விட்டத்தில் கால்பங்கு என்றால் நீரும் கால்பங்கு என்று நினைக்க வேண்டாம். உண்மையில் அது 19.6 சதவீதம்தான், வட்டம் அடியில் குறுகியிருப்பதால்.

11. விடையைச் சோதிக்காமல் முடிக்காதீர்கள்

நான் எப்போதும் செய்வது, உருவத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பார்ப்பது. உருளை தன்னைச் சரியாகச் சுற்றியுள்ள பெட்டியில் சுமார் 78.5 சதவீதம் இருக்க வேண்டும். கோளம் பாதியைவிடச் சற்று அதிகம், 52 சதவீதம். கூம்பு கால்பங்கைவிடச் சற்று அதிகம், 26 சதவீதம். மேலே பார்த்த பந்துக்கு 21 × 21 × 21 = 9261, அதில் பாதி 4630, விடை 4851. சரியாக இருக்கிறது. 10ஆம் படியில் பார்த்த தொட்டிக்கு, முழு நீளத்துக்கும் உருளையாகவே இருந்தால் 216 பை. 198 அதைவிடக் குறைவு, நியாயம்தான். தவறாக 24ஐப் போட்டவருக்கு 252 வந்திருக்கும். பெரிய உருளைக்குள் அது அடங்கவே அடங்காது என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை, சூத்திரத்தில் எத்தனை நீளங்கள் பெருகுகின்றன என்று எண்ணுவது. கன அளவு என்றால் மூன்று இருக்க வேண்டும். ஆரம்² × உயரம் மூன்று. ஆரம்³ மூன்று. 2 × பை × ஆரம் × உயரம் என்று எழுதியிருந்தால் இரண்டுதான், அது உருளையின் வளைபரப்பு.

அளப்பதில் நேரும் பிழை எப்படிப் பெருகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆரத்தில் 1 சதவீதம் பிழை இருந்தால் உருளையில் சுமார் 2 சதவீதம், கோளத்தில் சுமார் 3 சதவீதம் பிழை வரும். உருளையை அளக்கும்போது உயரத்தைவிட ஆரத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

12. எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத பொருள்

கல், வேர், பூட்டு போன்றவற்றுக்குத் தண்ணீர்தான் அளவுகோல். நேரான சுவருள்ள கண்ணாடி உருளையில் பொருள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறியுங்கள். பொருளை நூலில் கட்டி மெதுவாக இறக்குங்கள். மட்டம் உயர்ந்த அளவு × பாத்திரத்தின் உள் அடிப்பரப்பு, அதுதான் பொருளின் கன அளவு. உள் ஆரம் 7 செ.மீ., மட்டம் 2.5 செ.மீ. உயர்ந்தது என்றால் 154 × 2.5 = 385 கன செ.மீ.

பொருள் முழுவதும் மூழ்க வேண்டும். மிதந்தால் மெல்லிய ஊசியால் அழுத்திப் பிடியுங்கள், விரலால் அழுத்தினால் விரலின் கன அளவும் சேர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டி வெளியேற்றுங்கள். நீரை உறிஞ்சும் பொருளை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி இறக்குங்கள்.

மிகச் சிறிய பொருளுக்கு அகன்ற பாத்திரம் உதவாது, மட்டம் உயர்வதே கண்ணுக்குத் தெரியாது. பொருள் நுழையும் அளவுக்கு மட்டும் அகலமுள்ள குறுகிய குழாயை எடுங்கள். ஒரே மாதிரிச் சிறு பொருட்கள் என்றால் ஐம்பதை எண்ணிப் போட்டு, வந்த விடையை 50ஆல் வகுத்துவிடலாம். மட்டத்தைப் படிக்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். கண்ணாடியை ஒட்டி நீர் சற்று மேலேறி வளைந்திருக்கும். அந்த வளைவின் அடியைப் படியுங்கள், பொருளை இறக்கும் முன்னும் பின்னும் அதே இடத்தையே.